டிராகன் பக்கத்துச் சிங்கம்

"ஒருத்தர் பொய் சொல்றாரான்னு எதை வெச்சுக் கண்டுபிடிப்பீங்க?"

வானொலிப் பேட்டி ஒன்றில் துப்பறியும் யேன் சூலானிடம் ஒருமுறை இப்படிக் கேட்டார்கள். சூலான் யோசிக்கவே இல்லை. "முழங்காலை வெச்சு" என்றாள்.

வெளியே வந்ததும் அவளுடைய உதவியாளன் அபாவ் தலையில் அடித்துக்கொண்டான். "கண்ணுன்னு சொல்லியிருந்தா ஊரே கைதட்டியிருக்கும் அக்கா. முழங்கால்னுட்டீங்க. இனிமே மூட்டு வலிக்காரங்கதான் போன் பண்ணுவாங்க."

மூன்று மூட்டு வலிக்காரர்கள் உண்மையிலேயே போன் பண்ணினார்கள். நான்காவது அழைப்பு ஒரு புதன்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு வந்தது. அபாவ் வாயில் பாதி இறைச்சி பன்னோடு போனை எடுத்தான்.

"சிங்கத்தைக் காணோம்!" என்று ஒரு பெண் அலறினாள்.

"எந்த சர்க்கஸ்மா?"

போனுக்குள் ஒரு விசில் சத்தம் கேட்டது. அபாவின் காது அடைத்துக்கொண்டது. மீதிப் பன் கீழே விழுந்தது. சூலான் அதற்குள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தாள்.

லுகாங் ஊரின் குறுகலான செங்கல் சந்துகளில் அபாவின் ஸ்கூட்டர் மட்டும்தான் நுழையும், அதுவும் அபாவ் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டால்தான். சந்தின் கடைசியில் இருந்தது அந்த வீடு. நூற்றுப்பத்து வயது. கூரையின் இரண்டு முனைகளும் தகைவிலான் வால் போல வானத்தைக் குத்திக்கொண்டு நின்றன. கதவைத் திறந்தவள் வீட்டுக்காரி ஹோ மெய்ச்சு. முப்பது வருடம் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. விசில் இன்னும் கழுத்தில் தொங்கியது. இருவரையும் உள்ளே இழுத்துப் போட்டுவிட்டுக் கதவைப் பூட்டி, சாவியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டாள்.

"சிங்கம் கிடைக்கிற வரைக்கும் யாரும் வெளிய போக முடியாது."

"சாப்பாடு உள்ள வருமா?" என்றான் அபாவ்.

"அவனை விடுங்க" என்றாள் சூலான். "முதல்லேர்ந்து சொல்லுங்க."

பெரிய கூடத்தின் நடுவே, முகட்டிலிருந்து தரை வரை ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கியது. அந்தப் பக்கம் ஒரு சாரம், இந்தப் பக்கம் ஒரு சாரம். இரண்டு பக்கமும் உளிச் சத்தம்.

"எங்க கொள்ளுத்தாத்தா இந்த வீட்டைக் கட்டினப்போ ரெண்டு தச்சுக் கோஷ்டியைக் கூப்பிட்டார்" என்றாள் மெய்ச்சு. "நடுவுல ஒரு கோடு போட்டார். இந்தப் பாதி டிராகன் பக்கம், காவ் குடும்பத்துக்கு. அந்தப் பாதி புலிப் பக்கம், ஷீ குடும்பத்துக்கு. ஒருத்தன் வேலையை இன்னொருத்தன் பார்க்கக் கூடாது, அதுக்குத்தான் திரை. முடிஞ்சதும் ஊர்க்காரங்க வந்து எந்தப் பாதி அழகுன்னு சொல்லணும்."

"யார் ஜெயிச்சாங்க?"

"மெதுவாப் பேசுங்க! டிராகன் பக்கம். அந்தக் கோபம் இன்னும் தீரலை."

இப்போது வீட்டைப் பழுதுபார்க்க அவள் ஆள் தேடியிருக்கிறாள். பதினொரு நிபுணர்கள் வந்தார்களாம். ஒருவர் எல்லாச் சிங்கத்துக்கும் வார்னிஷ் அடித்து 'கல்யாணப் பொண்ணு மாதிரி' பளபளக்க வைப்பதாகச் சொன்னார். இன்னொருவர் பழையதைத் தூக்கிப்போட்டுவிட்டு பிளாஸ்டிக்கில் அச்செடுத்துத் தருவதாகச் சொன்னார். இருவரையும் விசில் ஊதியே தெருமுனை வரை விரட்டியிருக்கிறாள். கடைசியில் அதே காவ், அதே ஷீ குடும்பங்களின் வாரிசுகளிடமே வந்து சேர்ந்தாள்.

"ரெண்டு பேரையும் ஒரே கூரைக்குக் கீழயா?" அபாவ் நெஞ்சில் கை வைத்தான்.

"வேற வழி? இவர் அந்தப் பாதியைத் தொட மாட்டாராம். அவர் இந்தப் பாதியைத் தொட மாட்டாராம். திரையையும் கட்டிக்கிட்டாங்க."

அண்ணாந்து பார்த்தாள் சூலான். உத்தரங்களைத் தாங்கியபடி மரச் சிங்கங்கள் உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கொழுத்த பூனை அளவு. பக்கத்துக்கு நான்கு, மொத்தம் எட்டு. டிராகன் பக்கத்தில் மூன்றாவது இடம் காலியாக இருந்தது. பல் விழுந்த வாய் மாதிரி.

"அதுதான் பேர்போன சிங்கம்" என்றாள் மெய்ச்சு. "வாயில ஒரு மரப்பந்து. உருளும், ஆனா வெளிய வராது. டிராகன் பக்கம் ஜெயிச்சதே அதாலதான். காவ் மேஸ்திரியோட கடைப் பலகையில அந்தச் சிங்கம், விசிட்டிங் கார்டுல அந்தச் சிங்கம், வண்டிக் கதவுல அந்தச் சிங்கம்." அவள் காலி இடத்தைக் கைகாட்டினாள். "அடுத்த வாரம் வரவேண்டிய கலாசாரக் குழு காலைல ஒன்பது மணிக்குப் போன் பண்ணி, இன்னைக்கே நாலு மணிக்கு வரோம்னுட்டாங்க. எண்ணிப் பார்த்தேன். ஏழு. உடனே கதவைப் பூட்டிட்டு மதியம் வரைக்கும் வீடு பூராத் தேடினேன். ஒரு பழைய பாகம் குறைஞ்சாலும் பாரம்பரிய வீடுன்னு பதிவு பண்ண மாட்டாங்க. பதிவு இல்லேன்னா என் சித்தப்பா பசங்க நாளைக்கே அடுக்குமாடிக் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுடுவாங்க. பன்னெண்டு மாடி. நான் பிறந்த ரூம்ல லிஃப்ட் ஓடும்."

மணி இரண்டு.

சூலான் டிராகன் பக்கத்துச் சாரத்தில் ஏறினாள். அபாவ் கீழே நின்று சாரத்தைப் பிடித்துக்கொண்டான், தான் ஏறாமல் இருப்பதே பெரிய உதவி என்று சொல்லிக்கொண்டு.

சிங்கம் உட்கார்ந்திருந்த இடத்தில் புகை படியாத மரம் வெளுப்பாகத் தெரிந்தது. உத்தரத்தில் ஒரு துளை. துளைக்குள் ஒரு மூங்கில் ஆணி கச்சிதமாகச் செருகியிருந்தது. சூலான் அதை உருவி முகர்ந்து பார்த்தாள். பிறகு கீழே நீட்டினாள்.

"மெய்ச்சு அம்மா, இதைப் பாருங்க."

மெய்ச்சு பார்த்தாள். அவள் முகம் சிவந்தது. "வட்ட ஆணி! காவ் குடும்பம் சதுர ஆணிதான் சீவும். வட்ட ஆணி ஷீ குடும்பம்! லுகாங்ல குழந்தைக்குக் கூடத் தெரியும்!" விசில் வீறிட்டது.

தார்ப்பாயில் ஒரு கிழிசல் இருந்தது. அதன் வழியாக ஒரு மூக்கும் ஒரு மீசையும் எட்டிப் பார்த்தன. ஷீ மேஸ்திரி. காலையிலிருந்து அவர் வாய் மூடவே இல்லை. உளியோடு பேசுவார், மரத்தோடு பேசுவார், யாரும் இல்லாவிட்டால் தன் காலோடு பேசுவார்.

"என்னாது, நான் திருடினேனா? அந்தச் சொட்டைச் சிங்கத்தையா? அம்மணி, எங்க பக்கம் நாலாவது சிங்கத்தோட பிடரியைப் பாருங்க. நூத்தியெட்டு சுருள்! எங்க கொள்ளுத்தாத்தா கைவேலை! காவ் வம்சத்துல ஒருத்தன், ஒரே ஒருத்தன், அந்த மாதிரி ஒரு சுருள் போடட்டும், நான் உளியைக் கடல்ல போட்டுட்டு சிப்பி வறுத்து விக்கப் போறேன்! அதை விட்டுட்டு இந்தப் பந்து முழுங்கியை நான் ஏன் திருடணும்? எங்க வீட்டு நாயே வாயில பந்து வெச்சிருக்கு!"

"மேஸ்திரி, மூச்சு விடுங்க" என்றான் அபாவ்.

"மூச்சுக்கெல்லாம் நேரம் இல்லை தம்பி!"

இந்தப் பக்கம் காவ் மேஸ்திரி மூலையில் இழைப்புளி தள்ளிக்கொண்டிருந்தார். ஒல்லி. பேச்சும் ஒல்லி. தன் குடும்பத்தின் சிங்கம் காணாமல் போய், பரம எதிரியின் ஆணி கையும் களவுமாகக் கிடைத்திருக்கிறது. மனிதர் குதித்திருக்க வேண்டும்.

"அவன் எடுத்திருக்க மாட்டான்" என்றார் காவ், மரத்தைப் பார்த்தபடியே.

தார்ப்பாய்க்கு அப்பால் ஷீயின் உளி நின்றது.

சூலானின் பேனா கை தவறிக் கீழே விழுந்தது. இறங்கி வந்து, குனிந்து, நிதானமாக அதைத் தேடி எடுத்தாள். அபாவுக்கு அந்தப் பேனா எதற்கு விழுகிறது என்று தெரியும். காவின் சட்டையெங்கும் மரத்தூள். கால்சட்டையின் முழங்கால்களில் மட்டும் மரத்தூள் இல்லை. இரண்டு வட்டங்கள், சாம்பல் நிறம்.

"மேஸ்திரி, நீங்க கோயிலுக்குப் போறதுண்டா?"

காவ் பதில் சொல்வதற்குள் தார்ப்பாய் பதில் சொன்னது. "அவனா? தெருமுனைக் கோயில் கதவு வேலையை எனக்குக் கொடுத்தாங்கல்ல, பன்னெண்டு வருஷமா அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டான்! மீன் வாங்கக்கூட ஊரைச் சுத்திப் போவான்!"

"ரொம்ப நன்றி" என்றாள் சூலான். "மெய்ச்சு அம்மா, சாவி."

"யாரும் வெளிய..."

"நாலு மணிக்குள்ள எட்டுச் சிங்கம் வேணுமா, ஏழு வேணுமா?"

சாவி வெளியே வந்தது.

சந்தில் ஓட்டமும் நடையுமாகப் போகும்போது அபாவ் மூச்சிரைத்தான். "அக்கா, முட்டியில ஊதுபத்திச் சாம்பல்னா சாமி கும்பிட்டிருக்கார். அவ்வளவுதானே? அதுக்கு எதுக்கு ஓட்டம்?"

"நின்னு கும்பிட்டா சாம்பல் எங்க விழும்?"

"சட்டையில. எனக்கு வயித்துல."

"முழங்கால்ல படணும்னா தரையில தவழ்ந்திருக்கணும். இந்தக் கோயில்ல தவழ்ந்து பார்க்க வேண்டிய சாமி யாரு?"

அபாவ் சட்டென்று நின்றான். "பீடத்துக்கு அடியில இருக்கிற புலி ஐயா!"

கோயில் வாசலில் முட்டை விற்கும் பெண் காலிக் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். புலி ஐயாவுக்குப் பச்சை முட்டைதான் பிடிக்கும். ஒரு கூடை தீர அவளுக்கு வழக்கமாக ஒரு வாரம் ஆகும்.

"இன்னைக்கு என்ன விசேஷம்?" என்றாள் சூலான்.

"தெரியாதா? புதுசா ஒரு புலி ஐயா வந்திருக்காரு! காலைல வந்து பார்த்தா சும்மா ஜம்முன்னு உக்காந்திருக்காரு. வாயில ஒரு பந்து. நான் ஒரு முட்டை வெச்சேன், ஒன்பது மணிக்கு மருமகளுக்கு வேலை கிடைச்சிருச்சு! அவ ஊரெல்லாம் சொல்லிட்டா. இதுவரைக்கும் எண்பத்திநாலு முட்டை!"

அபாவ் பீடத்துக்கு அடியில் தலையை நுழைத்தான். தலை போயிற்று. தோள் போயிற்று. வயிறு வாசலிலேயே நின்றுவிட்டது.

"அக்கா, இருக்கு!" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "மூணு சின்னப் புலிக்கு நடுவுல பெரியப்பா மாதிரி உக்காந்திருக்கு. கழுத்துல சிவப்புத் துணி கட்டியிருக்காங்க. மிட்டாய் கூட வெச்சிருக்காங்க. ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"சிங்கத்தை எடு!"

"தொடாதே!" முட்டைக்காரி அவன் பெல்ட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள். "முட்டை வாங்கிக்கிட்ட சாமியைக் கேக்காம தூக்கிட்டுப் போவியா தடியா? கட்டையைப் போட்டுக் கேளு!"

பிறை வடிவ மரக்கட்டைகள் இரண்டை அவன் கையில் திணித்தாள். ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால் சாமி சரி என்கிறது. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறது, மறுபடி கேட்க வேண்டும்.

மணி இரண்டே முக்கால். பின்னால் பதினைந்து பேர் முட்டையோடு வரிசையில் நின்றார்கள்.

அபாவ் மண்டியிட்டான். "புலி ஐயா, இவரு சிங்கம். வீட்டுக்குப் போகணும். பத்து முட்டை தரேன்." போட்டான். இரண்டும் மல்லாந்தன.

"சிரிக்கிறாரு!" என்றது வரிசை.

"இருபது முட்டை." மறுபடி சிரிப்பு. "முப்பது முட்டை, ஒரு வாத்து." சிரிப்பு. வரிசையில் நின்றவர்களும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். ஒரு கிழவர் முட்டையைக் கீழே போட்டுவிட்டார். பதினோராவது சிரிப்புக்குப் பிறகு மணியைப் பார்த்தாள் சூலான். மூன்று இருபது.

"அவருக்கு உன் முட்டை வேணாம் அபாவ். உனக்கு விடறதுக்குக் கஷ்டமா இருக்கிற எதையாவது சொல்லு."

அபாவின் முகம் வாடியது. கட்டைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். பிறகு சொன்னான். "ஒரு மாசத்துக்கு... ஜவ்வரிசி போட்ட பால் டீ குடிக்க மாட்டேன்."

ஒரு கட்டை குப்புற விழுந்தது. ஒரு கட்டை மல்லாந்தது.

வரிசை ஆரவாரித்தது. அபாவ் மட்டும் அழாத குறையாகச் சிங்கத்தை வெளியே எடுத்தான். சூலான் அதைத் திருப்பிப் பார்த்தாள். முதுகில், நூற்றாண்டாக யார் கண்ணிலும் படாத மரத்தில், தூரிகையால் எழுதிய மை வரிகள். படித்தாள். ஒரே ஒரு முறை 'ஹா' என்று சிரித்தாள்.

"என்ன அக்கா?"

"வா, ஓடு."

மூன்று முப்பத்தைந்துக்குச் சிங்கம் சிவப்புத் துணியோடு கூடத்துக்குள் வந்தது. மெய்ச்சு ஊதிய விசிலில் கூரைப் புறாக்கள் கலைந்தன. காவின் கையிலிருந்து இழைப்புளி நழுவியது. கிழிசலில் மூக்கும் மீசையும் முளைத்தன.

"யார்கிட்ட இருந்துச்சு? சொல்லுங்க அம்மணி! அவன் காலை உடைக்கிறேன்!"

"காலை உடைக்க வேண்டாம்" என்றாள் சூலான். "முழங்காலை மட்டும் பாருங்க. காவ் மேஸ்திரி, நீங்கதான் கோயில்ல கொண்டுபோய் வெச்சீங்க. நீங்க அந்தத் தெருவுக்கே போக மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். அங்க யாரும் தேட மாட்டாங்க."

"ஆனா வட்ட ஆணி?" என்றாள் மெய்ச்சு.

"நானும் ஒரு நிமிஷம் ஏமாந்தேன். முகர்ந்து பார்த்தேன், இந்தக் கூடத்துல நூறு வருஷமா ஏத்தின ஊதுபத்தி வாசனை. தலை கரிக்கட்டை மாதிரி கறுப்பு. புது ஆணி வெளுப்பா இருக்கும். இது நூத்திப்பத்து வருஷமா அங்கேயே இருக்கு. திருடன் ஆணியைக் கீழே போட்டுட்டுப் போவான். தச்சனுக்குக் கை கேக்காது, எடுத்த துளையிலேயே திரும்ப வெச்சிடுவான். அப்புறம் நான் என்னையே கேட்டுக்கிட்டேன், டிராகன் பக்கத்துச் சிங்கத்துல ஷீ குடும்பத்து ஆணி எப்படி வந்தது?"

சிங்கத்தைத் திருப்பி, சத்தமாகப் படித்தாள்.

"'டிராகன் பக்கத்து மூன்றாவது சிங்கம். செதுக்கியவன் புலிப் பக்கத்து ஷீ. காவுக்கு நாற்பது நாள் காய்ச்சல். வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டாம். திரை தொங்கட்டும்.'"

காவ் கீழே கிடந்த இழைப்புளியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"நேத்து சாயங்காலம் தூசி தட்ட எடுத்தேன்" என்றார் காவ். அவர் குரல் மரச்சீவல் மாதிரி சுருண்டது. "படிச்சேன். ராத்திரி பூரா கடைப் பலகையையே பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இந்த எழுத்தைக் குழு பார்த்துடக் கூடாது, அடுத்த வாரம்தானே வராங்க, அதுக்குள்ள அதே மாதிரி ஒண்ணு செதுக்கி வெச்சிடலாம்னு நெனைச்சேன். விடிஞ்சதும் எடுத்துட்டுப் போனேன். ஒன்பது மணிக்கு இந்தம்மா தேதி மாறிடுச்சுன்னாங்க. கதவையும் பூட்டிட்டாங்க. சொல்ல வாய் வரலை." அவர் மெய்ச்சுவுக்குத் தலை குனிந்தார். "உங்க வீட்டையே இழக்க வெச்சிருப்பேன்."

தார்ப்பாய் வெடித்தது. ஷீ மேஸ்திரி அடியில் புகுந்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். பத்து நாளில் முதல் தடவை.

"ஆஹா! ஆஹாஹா! எங்க சிங்கம்! கார்டுல எங்க சிங்கம், வண்டியில எங்க சிங்கம், நூத்திப்பத்து வருஷமா எங்க சிங்கத்தை வெச்சுப் பொழைச்சிருக்கான்! கேளுங்க ஜனங்களே! நாளைக்கு மீன் சந்தையில மைக் வெச்சு..."

"அபாவ்" என்றாள் சூலான், "அந்தப் பக்கம் ஏறி, நாலாவது சிங்கத்தோட காதுக்குப் பின்னால இருக்கிற ஆணியைப் பாரு."

"நானா? ஏறணுமா?"

"நூத்தியெட்டு சுருள் இருக்கே, அந்தச் சிங்கம். உதவி வாங்கின தச்சன் சும்மா இருந்திருக்க மாட்டான்."

சாரம் முனகியது. அபாவும் முனகினான். உச்சியிலிருந்து அவன் குரல் வந்தது.

"அக்கா... சதுரம்."

"பொய்!" ஷீ பாய்ந்தார். அறுபத்தைந்து வயதில் அந்தச் சாரத்தில் அவர் ஏறிய வேகத்தைப் பார்த்து அபாவ் மூலையில் ஒடுங்கிக்கொண்டான். மேலே ஆணி உருவும் சத்தம். மரம் மரத்தில் உரசும் சத்தம். பிறகு எதுவும் இல்லை.

"என்ன எழுதியிருக்கு?" என்று மெய்ச்சு கீழிருந்து கத்தினாள்.

ஷீ சிங்கத்தைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார். அபாவ்தான் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தான். "'காய்ச்சல் விட்டது. கடன் வைக்கும் வழக்கம் எனக்கில்லை. புலிப் பக்கத்து நாலாவது சிங்கம், செதுக்கியவன் டிராகன் பக்கத்து காவ். பிடரிச் சுருளை யாராவது எண்ணுவார்கள்.'"

கதவு தட்டப்பட்டது.

மூன்று ஐம்பத்தெட்டு. காவ் தன் சிங்கத்தை ஏந்தி ஏறினார். வட்ட ஆணியை வட்டத் துளையில் வைத்து மூன்று தட்டு. அந்தப் பக்கமும் மூன்று தட்டுக் கேட்டது. மெய்ச்சு கதவைத் திறந்தாள். கலாசாரக் குழுவிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெண்ணும் இரண்டு கோப்புகளும் உள்ளே வந்தன. அந்தப் பெண் அண்ணாந்து விரல் விட்டு எண்ணினாள். இந்தப் பக்கம் நான்கு. திரையை விலக்கி, அந்தப் பக்கம் நான்கு.

"எட்டு. ஒண்ணோட மூக்குல என்ன, முட்டை ஓடா?"

"பழங்கால முட்டை" என்றான் அபாவ் மேலிருந்து.

அவள் சிரிக்காமல் குறித்துக்கொண்டாள். "எல்லாம் சரியா இருக்கு. பதிவாயிடும். யார் எதைச் செதுக்கினாங்கன்னு ஒரு வரி எழுதணும். டிராகன் பக்கம் முழுக்க காவ் குடும்பம்தானே?"

மெய்ச்சு காவைப் பார்த்தாள். காவ் தன் விசிட்டிங் கார்டுகள் இருந்த சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"மூணாவது மட்டும் இல்லை" என்றார். "அது ஷீ குடும்பம். அப்படியே எழுதிக்கோங்க."

எல்லோரும் சாரத்தின் உச்சியைப் பார்த்தார்கள். இனி ஷீ மேஸ்திரியின் முறை. அவர் மெல்ல இறங்கி வந்தார். குழுப் பெண் பேனாவோடு காத்திருந்தாள். அவர் அவளிடமிருந்து பேனாவை வாங்கி, புலிப் பக்கம், நான்கு என்ற வரிசையில் 'காவ்' என்று தானே எழுதினார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு ரெண்டு பேரும் இங்க இருக்கணும்!" மெய்ச்சு கண்ணைத் துடைத்துக்கொண்டே விசிலை எடுத்தாள். ஊதாமல் திரும்பத் தொங்கவிட்டாள்.

ஷீ தார்ப்பாயின் கயிற்றை அவிழ்த்தார். நீலத் துணி பொதபொதவென்று தரையில் சரிந்தது. கூடம் திடீரென்று இரண்டு மடங்கு பெரிதாயிற்று. அவ்வளவு பெரிய துணியைத் தனி ஆளாக மடிக்க முடியாது. இரண்டு மூலைகளைக் கையில் பிடித்தபடி ஷீ நின்றார். காவ் வந்து மறு இரண்டு மூலைகளை எடுத்தார். நடந்து வந்து மூலையோடு மூலை சேர்த்தார்கள், விலகினார்கள், மறுபடி நடந்து வந்து சேர்த்தார்கள். நான்காவது மடிப்பில் இருவர் விரல்களும் முட்டிக்கொண்டன.

ஷீ மேஸ்திரி மடித்த திரையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனார். தன் காலோடுகூட ஒரு வார்த்தை பேசவில்லை.